கருப்பியும் மூன்று குள்ளச்சிகளும்

அக்டோபர் 11

மேட்டுப்பாளையத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைச் சில்கி இரண்டு, பழுப்பில் ஒரு கொச்சின் பேண்டம். மூன்றும் குள்ளக் கோழி, பெட்டை. கீழே வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவை, மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டியதும் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. விறகுக் கொட்டகையில் விட்டிருக்கிறேன். என் பழைய நாட்டுக்கோழிகள், அதாவது கருப்பி கூட்டம், இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர் மூலை. ஒரு மாதம் அங்கேதான்.

"இந்த நேரத்துல இது தேவையா?" என்றார் வீட்டுக்காரர். பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 12

அவருடைய மாற்றல் ஆர்டர் வரவில்லை.

அக்டோபர் 14

முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி, தண்ணீர், முட்டை எடுப்பது. அப்புறம்தான் விறகுக் கொட்டகை. அங்கே போக வேறு செருப்பு, வேறு வாளி. வரும்போது சோப்புப் போட்டுக் கை கழுவல். பாப்பு சிரிக்கிறாள், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா" என்று. சிரிக்கட்டும். நம்முடையவற்றுக்குப் பிப்ரவரி முகாமில் இறக்கைக்கடியில் ஊசி போட்டாயிற்று. இவற்றுக்கும் போட்டாச்சு என்று விற்றவர் சொன்னார். சொன்னார், அவ்வளவுதான். வெள்ளைக் கழிச்சல் நோய் ஒரு கொட்டகைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று மேல்வீட்டு ஹெத்தையை, அந்தப் படகர் பாட்டியை, கேட்டால் தெரியும்.

பெயர் வைத்தாகிவிட்டது. சில்கிகள் பஞ்சு, மைதா. கால் விரல் வரை இறகு மூடிய கொச்சின், பூட்ஸ்.

அக்டோபர் 17

எச்சம் மூன்றுக்கும் நன்றாக இருக்கிறது. காலையில் ஒன்று மட்டும் பழுப்பாக, கூழாக, நாற்றமாக இருந்தது. அது குருட்டுக்குடல் எச்சம், நாளில் சில முறை அப்படித்தான் போகும். தெரிந்தும் குச்சியால் கிளறிப் பார்த்தேன்.

அக்டோபர் 20

தீபாவளி. மழை. பட்டாசுச் சத்தத்துக்குச் செவலைச் சேவல் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பதில் கூவல். குள்ளச்சிகள் மூவரும் விறகுக்குப் பின்னால். அவர் அலுவலக நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசியில் எல்லோரிடமும் அதே கேள்விதான்.

அக்டோபர் 22

மழை விடவேயில்லை. சில்கியின் இறகில் மற்றக் கோழிக்கு இருக்கிற கொக்கிப் பின்னல் கிடையாது. தண்ணீர் வழுக்கி ஓடாது, உள்ளே இறங்கிவிடும். கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை, அதற்கு நேர் கீழே மைதா தூங்கியிருக்கிறாள். காலையில் தூக்கினால் எலியளவு உடம்பு. மீதியெல்லாம் இறகுதான் போல. பழைய துண்டால் ஒற்றி, அடுப்படியில் வைத்து, விரலால் கோதிக் கோதிக் காயவைத்தேன். அப்படிக் கோதும்போதுதான் அந்தக் கருந்தோல் தெரிந்தது, வெள்ளை இறகுக்கடியில் கத்தரிக்காய்க் கறுப்பு. காலில் விரல் ஐந்து. நாட்டுக்கோழிக்கு நான்குதானே, பாப்பு இரண்டையும் எண்ணிவிட்டு வந்தாள்.

ராத்திரி பல்பு போடலாமா என்று கேட்டாள். வேண்டாம். வளர்ந்த கோழிக்குக் குளிர் பெரிதில்லை, ஈரமும் ஊதல்காற்றும்தான் எமன். ஓட்டையைத் தார் பூசி அடைத்தேன். உமியை மாற்றினேன்.

அக்டோபர் 25

பூட்ஸ் தும்மினாள். இரண்டு முறை. மதியம் மறுபடி ஒரு முறை. மூக்கில் சளி இல்லை, கண் வீங்கவில்லை, முகம் நாறவில்லை. சளி என்றால் முகம் வீங்கும், கெட்ட வாடை வரும். இது வெறும் தும்மல். ஆனால் வெறும் தும்மலாகத்தானே எல்லாம் ஆரம்பிக்கும். பதினொரு மணிக்கு டார்ச்சோடு போய்க் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டேன். நெஞ்சில் கரகரப்பு இருந்தால் ராத்திரிதான் கேட்கும், பகலில் அவர்கள் பேச்சே கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்றும் இல்லை. மழை சொட்டுகிறது, எங்கோ நாய் குரைக்கிறது. ரோட்டுக்குக் கீழே தேயிலைக்குள் என்னவோ கனமாக நடந்தது, காட்டெருமையாக இருக்கும். நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே வந்தபோது அவரும் விழித்திருந்தார். "யாரோ தர்மபுரின்னு சொல்றாங்க" என்றார். நான் தும்மலைப் பற்றிச் சொன்னேன்.

அக்டோபர் 26

உமித் தூசிதான். சலித்துப் போட்டதும் நின்றுவிட்டது.

நவம்பர் 2

தர்மபுரி இல்லையாம்.

நவம்பர் 9

ஞாயிறு. கொட்டகையை ஒட்டி வலை கட்டி, குள்ளச்சிகளை இந்தப் பக்கம் கொண்டுவந்தாயிற்று. பார்க்கலாம், தொட முடியாது. ஒரு வாரம் இப்படி.

கருப்பி வந்து வலையோரம் நின்றாள். கழுத்தை நீட்டினாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், மறுபக்கம் திரும்பி மற்றக் கண்ணால் பார்த்தாள். பிறகு கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வலையின் நீளம் முழுக்க நடை, திரும்ப நடை. சிறுவிடை நாட்டுக்கோழி இரண்டும் எட்டிப் பார்த்துவிட்டு மண்புழு தேடப் போய்விட்டன. செவலைக்கு ஒரே குஷி, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்து ஆடிக் காட்டுகிறான்.

பூட்ஸ் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

நவம்பர் 12

கருப்பி இன்னும் நடக்கிறாள்.

நவம்பர் 13

தூக்கமில்லை. 1921 வாக்கில் கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையை நார்வேக்காரர் ஷெல்டரப்-எப்பே எழுதி வைத்தார். அதுவும் நேர்வரிசையாகவே இருக்காது, இவள் அவளைக் கொத்துவாள், அவள் இன்னொருத்தியை, அந்த இன்னொருத்தி முதலாமவளையே கொத்துவாள் என்று சில இடங்களில் வட்டமாகும் என்றும் பார்த்திருக்கிறார். நம் வீட்டில் வட்டமெல்லாம் இல்லை. கருப்பி, காது வெள்ளைச் சிறுவிடை, நொண்டிச் சிறுவிடை. நேர்கோடு. புதியவர்கள் வந்தால் இந்தக் கோடு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு கொத்தும். நொண்டிதான் அதிகம் கொத்துவாள் என்று எனக்குப் படுகிறது. கடைசியில் இருப்பவளுக்குத்தானே கீழே யாராவது வேண்டும்.

அவர் அலுவலகத்தில் யார் யாருக்கு எந்த ஊர் என்பதைப் பற்றியும் ஒரு கோடு இருக்கிறது. எழுதவில்லை.

நவம்பர் 16

திறந்துவிட்டேன். காலை வேண்டாம் என்று மாலை நான்கு மணிக்கு, இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கொல்லையில். தீனித் தட்டு நான்கு, நான்கு மூலையில். ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த கூடை, சாய்த்த பலகை, ஓரமாக அந்தப் பழைய தேயிலைச் செடி. மூன்றையும் சேர்த்தே விட்டேன். ஒற்றையாக விட்டால் ஒருத்தியே எல்லாக் கொத்தும் வாங்குவாள். சில்கிகளின் கொண்டை இறகைக் காலையிலேயே கத்தரித்திருந்தேன், வரும் கொத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

கருப்பி நேராக வந்தாள். பூட்ஸ் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள், பாதி உயரம்தான் இருக்கிறாள். இரண்டும் அலகு நேருக்கு நேர், கழுத்து மயிர் குடை மாதிரி விரிந்து, ஒரு குதி, இரண்டு குதி, பூட்ஸ் தலையைத் தாழ்த்திவிட்டாள். முடிந்தது. ஒரு கொத்து, அவ்வளவே. இவ்வளவு நாள் நடந்த நடைக்கு இதுதானா என்று எனக்கே ஏமாற்றம்.

பஞ்சுவைத் துரத்தியது நொண்டிதான். செவலை குறுக்கே போய் நின்று நொண்டியை ஒதுக்கினான். ஒரு நல்ல சேவல் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

ராத்திரி, கண் தெரியாத நேரத்தில், மூவரையும் பழைய கொட்டகைக்குள் கொண்டுபோனேன். பூட்ஸ் தாழ்ந்த கம்பில் ஏறினாள். சில்கிகள் கம்பில் ஏறாதவை, மூலையில் உமி மேல் ஒரே குவியல்.

நவம்பர் 17

ரத்தம். மைதாவின் கொண்டையில். விடியலில் சோலைப் பக்கம் காட்டுக்கோழி கத்திக்கொண்டிருந்தது, செவலை அதற்குப் பதில் சொல்லப் போய்விட்டான், அந்த நேரம் பார்த்து. கொத்தியது கருப்பி. நொண்டி இல்லை. மைதா மூலையில் முகத்தைச் சுவருக்குள் திணித்துக்கொண்டு நிற்க, இவள் மேலே ஏறிக் கொத்திக்கொண்டிருந்தாள். சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் வந்து கொத்தும், உடனே மைதாவை எடுத்துவிட்டேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும்.

இவ்வளவு கோபம் எனக்கு ஒரு கோழி மேல் வருமா. வந்தது. இந்த ஊரில் பதினைந்து டிகிரிக்குக் கீழே வேர்த்து நின்றேன்.

நவம்பர் 18

கருப்பி பஞ்சாரத்துக்குள். வீட்டுக்குப் பின்னால், கொட்டகை கண்ணில் படாத இடத்தில். அடிபட்டவளை ஒதுக்கினால் திரும்பி வரும்போது அவள்தான் புதியவள். அடித்தவளை ஒதுக்கினால் அவள் புதியவளாகத் திரும்பி வருவாள். தீனிக்கும் தண்ணீருக்கும் குறையில்லை. ஆனாலும் நான் கடக்கும்போதெல்லாம் கேறுகிறாள், நீண்ட, இழுத்த கேறல்.

"யாரை எங்க மாத்தினாலும் இப்படித்தான் கத்துவாங்க" என்றார் அவர். முதல்முறையாகச் சிரித்தோம்.

நவம்பர் 20

மைதா காயம் காய்ந்து பொருக்கு. உள்ளே விட்டாயிற்று. யாரும் கண்டுகொள்ளவில்லை.

நவம்பர் 22

கருப்பியை மாலையில் விட்டேன். நேரே தீனித் தட்டுக்குப் போனாள். அங்கே பூட்ஸ். பூட்ஸ் நகரவில்லை. கருப்பி ஒரு கணம் யோசித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். நான் பார்த்தேன், பாப்புவும் பார்த்தாள், சாட்சி இருக்கிறது.

பூட்ஸ் கருப்பிக்கு மேலே. கருப்பி நொண்டிக்கு மேலே. நொண்டியைக் கண்டால் பூட்ஸ் ஓடுகிறாள். வட்டம்!

நவம்பர் 24

மின்சாரம் இல்லை. ஆர்டர் இந்த வாரம் என்கிறார்கள்.

நவம்பர் 28

பஞ்சு முட்டைக்கூட்டை விட்டு எழுவதில்லை. கை வைத்தால் உப்பிக்கொண்டு கிர்ர் என்கிறாள், அடிவயிறு சுடுகிறது. அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். இந்தக் குளிரிலா! சில்கிக்கு மாதம் பார்க்கத் தெரியாது.

முட்டை வைத்தால் 21 நாள். இன்று வைத்தால் டிசம்பர் 19. குஞ்சு நிலைபெற இன்னும் ஒரு மாதம், உறைபனிக் காலத்தில். அதுவரை நாம் இங்கே இருப்போமா. அடுக்குமாடி வீட்டில் எத்தனை கோழி. ஹெத்தையிடம் விட்டால் பார்த்துக்கொள்வார், ஆனால் அவருக்கு முழங்கால். வைக்காமல் விட்டால் பஞ்சு சும்மாவே உட்கார்ந்து தீனி இல்லாமல் மெலிவாள். வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "அவளைக் கேளு" என்று கூட்டைக் காட்டினார்.

நவம்பர் 29

சிறுவிடை முட்டை ஐந்து. அவள் உடம்புக்கு அதுதான் மூடும். பென்சிலால் தேதி போட்டு, இருட்டியதும் ஒவ்வொன்றாக அடியில் நகர்த்தினேன். அலகால் தானே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 1

கருப்பியும் அதே கூட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள், பஞ்சுவின் மேல் பாதி ஏறி. கொத்தவில்லை. ஆறாவதாகத் தன் முட்டை ஒன்றையும் போட்டிருக்கிறாள், அதில் தேதி இல்லாததால் அடையாளம் தெரிந்தது, எடுத்துவிட்டேன். கருப்பியைத் தூக்கி வெளியே விட்டேன். திரும்பப் போனாள். மறுபடி தூக்கினேன். போன் அடிக்கிறது, அவராகத்தான் இருக்கும். கருப்பி திரும்பவும் உள்ளே போகிறாள்