ஏழு சீட்டு: ஏப்ரல் 2019

மார்ச் 31, ஞாயிறு

மாடியில் நாங்கள் ஆடும் ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்துக்குத் திருமங்கலத்துத் தம்பி இரண்டு பஸ் மாறி வந்தான். முதல் ஆட்டத்தில் ஏழு சீட்டு எடுத்தான், ஒரே ஒரு லேண்ட். லேண்ட்தான் மானா தரும், மற்ற சீட்டைப் போட மானா வேண்டும். கலைத்துப் போட்டு ஆறு எடுத்தான், லேண்டே இல்லை. திரும்பக் கலைத்து ஐந்து. அந்த ஐந்தை வைத்துக்கொண்டு மூன்று டர்ன் ஒன்றும் போடாமல் இருந்துவிட்டுக் கையைக் கீழே வைத்துவிட்டான். இரண்டாவது ஆட்டத்தில் மறுபடி முல்லிகன் போட, அதாவது கையைக் கலைத்துவிட்டு வேறு எடுக்க, பயந்து ஒரு லேண்ட் கையையே வைத்துக்கொண்டான். இரண்டாவது லேண்ட் வந்தபோது உயிர் ஆறுதான் மிச்சம்.

மொத்தம் பதினொரு நிமிடம். சுற்றுக்கு 50 நிமிடம். மீதி நேரம் முழுக்க மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் ஸ்லீவ் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். வேர்வையில் ஸ்லீவ் ஒன்றோடொன்று ஒட்டுகிறது, பவுடர் போட்டும் ஒட்டுகிறது. அவன் துடைத்த விதத்தைப் பார்க்க முடியவில்லை.

28ஆம் தேதி எங்கள் போட்டியில், முல்லிகனுக்குப் புதிதாக வந்திருக்கும் லண்டன் ரூல் வைக்கலாமே என்று அப்போதுதான் சொன்னேன். அதற்குள் இத்தனை கூச்சல்.

ஏப்ரல் 2

அப்பாவுக்குக் காலில் மாவுக்கட்டுக்குள் அரிக்கிறதாம். ஸ்கேல் கேட்டார். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

மத்தியானம் முழுக்க அப்பா தூங்கினார், நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் நம்புவது சரியா என்று எனக்கே தெரிய வேண்டும்.

என் டெக் 60 கார்டு, அதில் லேண்ட் 24. முதல் ஏழில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வர 14.3 விழுக்காடு. ஏழு ஆட்டத்துக்கு ஒன்று. அந்த ஒரு ஆட்டத்தில் நான் எப்படி ஆடினேன் என்ற கேள்வியே வராது. 40 கை பிரித்தும் பார்த்தேன், ஆறு கை அப்படித்தான் வந்தது.

இப்போதைய ரூலில் (வான்கூவர் ரூல்) முதல் முல்லிகனுக்கு ஆறு சீட்டு எடுக்கிறோம், வைத்துக்கொண்டால் மேல் கார்டு ஒன்றைப் பார்த்து அப்படியே விடலாம், இல்லை அடியில் தள்ளலாம். லண்டன் ரூலில் எத்தனை முல்லிகன் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஏழு எடுக்கிறோம், அதில் முல்லிகனுக்கு ஒன்று வீதம் நாமே தேர்ந்து அடியில் வைக்கிறோம். கையில் நிற்பது அதே ஆறு, அதே ஐந்து. மாற்றம் அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் உதவினால் நான் எழுதி வைக்கவே வேண்டாம். மாடியில் ஒருவன் ஆடும் டிரான் என்கிற டெக்கையும் கணக்குப் பார்த்தேன். மூன்று லேண்ட், மூன்றிலும் நாலு நாலு பிரதி, மூன்றும் சேர்ந்தால் ஏழு மானா. மூன்றும் ஏழு சீட்டுக் கையிலேயே வர 4.7 விழுக்காடு. ஆறு சீட்டுக் கையில் 2.9. அதாவது லண்டன் ரூல் வந்தால் முதல் முல்லிகனில் அந்த 2.9, 4.7 ஆகிறது. பார்க்கச் சின்ன எண், ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல்.

இதை மாடியில் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது.

ஏப்ரல் 5, வெள்ளி

எங்களோடு ஆடுகிற மெடிக்கல் ஷாப் அண்ணன் மாத்திரை கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "சீட்டுன்னா அதிர்ஷ்டம் இருக்கணும்மா. அது வேணாம்னா செஸ் ஆடப் போயிர வேண்டியதுதேன்." பின்னால் ஒரு அம்மா மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இவர் பாட்டுக்குப் பேசுகிறார்.

அதிர்ஷ்டம் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? மேல் கார்டு என்ன என்று தெரியாமல் எடுக்கிறேனே, அது அதிர்ஷ்டம். எதிராளி கையில் என்ன என்று தெரியாமல் தாக்குகிறேனே, அதுவும்தான். அதெல்லாம் இருக்கட்டும், அதற்காகத்தான் ஆடுகிறோம். ஆடவே விடாத அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

அப்புறம் "ரூல்னா ரூல், இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது" என்றார். 1993இல் வந்த மேஜிக்கில் ஆரம்ப காலத்தில் ஏழும் லேண்டாக இருந்தால், இல்லை லேண்டே இல்லாவிட்டால், கையை எதிராளிக்குக் காட்டிவிட்டு வேறு ஏழு எடுக்கலாம். ஒரு லேண்ட் வந்தவனுக்கு அதுகூடக் கிடையாது. 1997இல் பாரிஸ் ரூல் வந்தது: எந்தக் கையானாலும் கலைக்கலாம், ஒன்று குறையும். 2015இல் வான்கூவர், மேல் கார்டைப் பார்க்கும் சலுகை சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மாற்றித்தான் இருக்கிறார்கள். 2009இல் தாக்குதல் சேதத்தை ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் வரிசை) வைக்கும் முறையை நீக்கியபோது ஆட்டமே செத்தது என்றார்கள். பத்து வருடம் ஆகிறது. அண்ணனே இதற்குள் வந்தது அதற்கப்புறம்தான்.

இதையெல்லாம் கடையில் சொல்லவில்லை. அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

டிரான் ஆடுகிறவன் லண்டன் ரூல் வேண்டாம் என்கிறான்! நான் கணக்கை எடுத்துவைத்ததும், "அதுக்குத்தேன்க்கா வேணாங்கறேன்" என்றான். டெக் கூடுதலாக ஓடினால் எல்லோர் கண்ணும் அதன்மேல் விழும், அப்புறம் ஏதாவது ஒரு கார்டைத் தடை செய்துவிடுவார்கள், இரண்டு வருடம் சேர்த்த டெக் வீண். ஜனவரியில் கிராக்-கிளான் அயன்வொர்க்ஸ் என்ற கார்டைத் தடை செய்ததைக் காட்டினான். அவன் பயம் பொய்யில்லை. இங்கே ஒரு கார்டு வாங்க என்ன பாடு என்று எனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து யாராவது வரும்போது சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குவது.

ஆனால் ஒன்று. டிரானுக்கு உதவுவது டிரானைத் தடுக்கிறவனுக்கும் உதவும். முதல் ஆட்டத்துக்கப்புறம் மாற்றிக்கொள்ள வெளியே வைக்கும் சைட்போர்டு 15இல் நாலு பிரதி வைத்த ஒரு கார்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏழில் அது வர 40 விழுக்காடு. பழைய ரூலில் ஏழு, ஆறு, ஐந்து என்று மூன்று கை தேடினால் கைக்குள் வர 73. லண்டனில் மூன்று தடவையும் ஏழு ஏழாகப் பார்த்தால் 78. டிரெட்ஜ் டெக் ஆடுகிறவன் எதிரே உட்கார்ந்தால், அதைத் தடுக்கும் லேலைன் ஆஃப் த வாய்டு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க எனக்கும் வழி கூடுகிறது.

அப்படியானால் எல்லோரும் அந்த ஒரு கார்டையே தேடித் தேடிக் கலைப்பார்கள், ஆட்டம் இன்னும் மொட்டையாகாதா என்று திருமங்கலத்துத் தம்பி கேட்டான். அவன்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே கேள்விதான்.

ஏப்ரல் 8

கோயிலில் கொடியேற்றம். அம்மா மட்டும் போய் வந்தாள். 29ஆம் தேதி எக்ஸ்ரே.

ஏப்ரல் 11, வியாழன்

இரவு பதினொன்று வரை அப்பாவும் நானும் விழித்திருந்தோம். வலிக்குப் பேச்சு வேண்டும் அவருக்கு. "உங்க ஆட்டத்தச் சொல்லு பாப்பா" என்றார், சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட காலின் மேல் துண்டை விரித்து அதன்மேல் ஏழு சீட்டை ஒவ்வொன்றாக வைத்தார். முப்பது வருடம் ரம்மி ஆடிய விரல், ஸ்லீவ் போட்ட சீட்டை ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது, வழுக்குகிறது என்று முனகுகிறார்.

"ரம்மில ஸ்கூட் உண்டு. எடுத்ததும் விட்டா 20, நடுவுல விட்டா 40, மாட்டுனா 80. ஆனா ஸ்கூட் விட்டவன் அந்தக் கையில சும்மா உக்காந்திருக்கணும். ஒங்களுக்கு விட்டுட்டு மறுபடி ஆடலாம், ஒரு சீட்டுக் கம்மி. இது ஸ்கூட் இல்ல பாப்பா, கடன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பழைய ரூல்ல உன் வீட்டுல எந்தப் பொருள எடுத்துக்கிறதுன்னு கடன்காரன் முடிவு பண்ணுறான். புதுசுல எத அடகு வைக்கிறதுன்னு நீ முடிவு பண்ணுற" என்றார்.

பத்து நாளாக நான் சொல்லத் திணறியது இதுதான். எழுந்துபோய் எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 12

அடகு.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. மாடிக்குப் போகவில்லை. அப்பா பாயசத்தைத் தொடவில்லை, அம்மா அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். எலும்பு கூடியிருக்குமா கூடியிருக்காதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ரூலாவது மண்ணாவது. கலைக்கவே கை வரவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

தேரோட்டமும் தேர்தலும் ஒரே நாளில். மதுரைக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப் போடலாம் என்று நேரத்தை நீட்டியிருக்கிறார்கள். மாசி வீதிப் பக்கம் நெருங்கவே முடியவில்லை, சுற்றிக்கொண்டு போய் அம்மாவும் நானும் சாயங்காலம் போட்டோம். அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை என்பதுதான் இன்றைக்குப் பெரிய வருத்தம். விரலைப் பிடித்து மையை இரண்டு தடவை பார்த்தார்.

வரிசையில் நின்றபோது தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. கலைத்துக்கொண்டே போகலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டுப் போகிறது. நாலு சீட்டில் லேலைன் இருந்து என்ன பிரயோஜனம், அதற்கப்புறம் ஜெயிக்க எதாவது வேண்டாமா? விலை அப்படியேதான் இருக்கிறது. ஐந்து சீட்டோடு ஜெயிக்கிற டெக்குகள் சில இருக்கின்றன, அங்கேதான் ஆபத்து. அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லா டெக்கையும் ஏன் தண்டிக்க வேண்டும்?

ஏப்ரல் 19

அழகர் ஆற்றில் இறங்கினார். அப்பா டிவியிலேயே கைகூப்பினார். கால் அசைந்ததில் முகம் சுருங்கியது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

வாக்கெடுப்பு நேற்று. பன்னிரண்டு பேர். லண்டன் ரூலுக்கு ஏழு, பழைய ரூலுக்கு ஐந்து. கடன், அடகு எல்லாம் சொன்னேன். மெடிக்கல் ஷாப் அண்ணன் எதிர்த்துத்தான் போட்டார், ஆனால் "ஒங்கப்பா சொன்னது சரியாத்தேன் இருக்கு" என்றார். டிரான்காரன் கையே தூக்கவில்லை என்று நினைத்தேன். கடைசியில் எண்ணினால் அவன் எங்கள் பக்கம். ஏன் என்று கேட்டதற்கு, "தம்பி பஸ்ஸுக்குக் காசு குடுத்து வர்றான்லக்கா" என்றான்.

ஏப்ரல் 26, வெள்ளி

லண்டனில் மிதிக் சாம்பியன்ஷிப் இன்று ஆரம்பம், லண்டன் ரூலைச் சோதித்துப் பார்க்கும் போட்டி. பிப்ரவரியில் அறிவித்ததிலிருந்து காத்திருக்கிறேன். முதலில் டிராஃப்ட், அதாவது பாக்கெட் பிரித்து அங்கேயே டெக் கட்டி ஆடுவது; அதற்கான புது வரிசை வார் ஆஃப் த ஸ்பார்க் அடுத்த வாரம்தான் கடைக்கே வருகிறது. அப்புறம் மாடர்ன், சொந்த டெக்கோடு வந்து ஆடும் முறை. சத்தத்தைக் குறைத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செல்லில் பார்த்தேன். ஒருவர் ஏழு சீட்டையும் விரித்து ஒன்றை அடியில் வைக்கும் முன் யோசிக்கிறார், சீட்டைத் தொடுகிறார், விடுகிறார், வேறொன்றைத் தொடுகிறார். அந்த யோசனையே ஆட்டம்தானே. அப்பா எட்டிப் பார்த்து, "அந்த ஓரத்துச் சீட்டத்தேன் விடுவாரு" என்றார். அதையேதான் விட்டார்!

ஏப்ரல் 27, சனி

ஒரு விஷயம் உறுத்துகிறது. லண்டன் போட்டியில் எதிராளியின் டெக் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். எதிரில் என்ன டெக் என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே தெரிந்தால் முல்லிகன் முடிவே வேறு மாதிரி ஆகிவிடும். எதற்கு எதிராகத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டே தேடலாம். இரண்டு மாற்றத்தை ஒரே போட்டியில் வைத்துவிட்டு, விளைவு எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பார்கள்? நம் மாடியில் பட்டியல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் ஏழை வைக்கப் போகிறோம்.

பவுடர் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நான்கு சுற்று. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாடி ஓடு சுட ஆரம்பித்ததும் கீழே கூடத்துக்கு மாறினோம். அரை மணி நேரம் கரண்ட் இல்லை.

மூன்றாவது சுற்றில் டிரான்காரனோடு நான். ஒவ்வொருவரும் ஒன்று ஜெயித்து மூன்றாவது ஆட்டம். என் கை நல்ல கை, ஏழையும் வைத்துக்கொண்டேன். அவன் கலைத்தான். மறுபடி கலைத்தான். ஏழை விரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு இரண்டை அடியில் வைத்தான். மூன்றாவது டர்னில் மூன்று லேண்டும் வரிசையாக. ஏழு மானா. என் கையில் நல்ல சீட்டு அத்தனையும் அப்படியே இருக்க, ஒன்றையும் பயன்படுத்தாமல் தோற்றேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். ஐந்து நிமிடம் யாரோடும் பேசவில்லை. நான் கேட்டு வாங்கிய ரூல். மெடிக்கல் ஷாப் அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

திருமங்கலத்துத் தம்பிக்கு இன்றும் முதல் சுற்றிலேயே ஒரு லேண்ட் கை. கலைத்தான். ஏழு எடுத்து நான்கு லேண்டும் மூன்று கார்டுமாகப் பிடித்து, எதை விடுவது என்று என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சொல்லக் கூடாது. விலையுயர்ந்த ஒன்றை அடியில் வைத்தான். 47 நிமிடம் ஆடினான், மூன்றாவது ஆட்டம் வரை. தோற்றான். தோற்றுவிட்டு அந்த மூன்றாவது ஆட்டத்தை ஒவ்வொரு டர்னாக, எங்கே தப்பு செய்தேன் என்று கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

டிரானைப் பற்றி மட்டும் இன்னும் யோசிக்க வேண்டும். ஐந்து சீட்டு. மூன்றாவது டர்ன்.

ஏப்ரல் 29, திங்கள்

டோக்கன் 31. உள்ளே 12 போயிருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சீட்டு கொண்டுவந்திருக்கியா பாப்பா என்கிறார்.