மூடிய மண்ணையே மழை கொண்டுபோகும்போது

குப்பைக் கிடங்கில் மழை என்றதும் பெரும்பாலோர் நினைப்பது கசிவுநீரைத்தான். குப்பைக்குள் புகுந்து, கறுத்து, நாற்றத்தோடு வெளியேறும் நீர் என்பதால் கவனம் முதலில் அதன்மேல் போவது இயல்பே. ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பியும் அஞ்சியும் இருக்கும் கடலோர மாவட்டம் ஒன்றின் கிடங்கில் நான் பொறியாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில், என்னை அதிகம் அலைக்கழித்தது குப்பையைத் தொடாமல் மேலேயே வழிந்து, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீர்தான்.

மழைக்காலம் தொடங்குமுன் குப்பையின்மேல் 40 முதல் 65 செ.மீ. கனத்துக்கு மண் இட்டு, இறுக்கி, சரிவு கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. மழை உள்ளே இறங்காமல் தடுப்பதே அதன் நோக்கம். ஒரு ஹெக்டேருக்கு அரை மீட்டர் கனம் என்றால் 5,000 கன மீட்டர் மண். மூன்று யூனிட் டிப்பரில் 600 லோடுக்குக் குறையாது. இவ்வளவு செலவழித்துப் போட்ட மண் ஐப்பசியின் முதல் கனமழையிலேயே கீழேயுள்ள வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தால், நட்டம் இரண்டு பக்கமும் வரும். மேலே குப்பை திறந்து கசிவுநீர் பெருகும். கீழே வாய்க்கால் தூர்ந்து, அது சென்று சேரும் ஏரியும் மேடாகும்.

மழையின் கணக்கு எளிது. ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர். இறுக்கிய மண்ணில் உறிஞ்சப்படுவது குறைவு என்பதால் அதில் பெரும்பகுதி வழிந்தோடும். நம் பருவமழையோ தூறலாகப் பரவிப் பெய்வதில்லை. ஒரே இரவில் 10 செ.மீ. கொட்டுவது கடலோர மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவானது. எந்த வடிகாலும் அப்படிப்பட்ட நாளுக்காகக் கட்டப்படுவதில்லை. அந்த நாளில் வடிகால் நிரம்பி வழிந்தாலும் கரை உடையாதிருக்க வழி செய்து வைப்பதுதான் நம் கையில் இருப்பது.

வண்டலைக் கீழே குட்டை வெட்டிப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அலுவலகங்களில் பரவலாக உண்டு. வரைபடத்தில் குட்டை அழகாகவும் இருக்கும். அந்த நம்பிக்கையோடு எனக்கு எப்போதும் வழக்குதான். அசையாத நீரில் நுண்மணல் ஒரு மீட்டர் இறங்கச் சில நிமிடங்கள் போதும். வண்டல் துகளுக்குச் சில மணி நேரம் ஆகும். மிக நுண்ணிய களிமண் துகளுக்கோ பத்து நாட்களும் போதாது. மேலே மூடுவதற்கு நாம் தேடித் தேடி வாங்குவது நீர் புகாத களிமண். அதாவது, எந்தக் குணத்துக்காக அதை வாங்குகிறோமோ அந்த நுண்மையே அதைக் குட்டையில் படியவிடாமல் செய்கிறது. அடுத்த மழைக்குள் குட்டை நீரை வெளியேற்றியாக வேண்டிய நிலையில், கலங்கல் தெளியக் காத்திருக்க நேரமும் கிடைக்காது. நீர்நிலைகளில் விடும் கசிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதே விதிகள் வரம்பு வைத்திருந்தன. செம்மண் நீர் அந்த அளவைக் கண் இமைப்பதற்குள் தாண்டிவிடும்.

ஆகவே வேலை சரிவின் மேலேதான். நீண்ட சரிவில் இறங்க இறங்க நீர் திரண்டு வேகம் பெறுகிறது. விரல் அகலக் கீறல் ஒரே மழையில் ஆள் இறங்கும் ஓடையாகிவிடும். சரிவை இடையிடையே படி போன்ற திட்டு அமைத்து உடைத்து, ஒவ்வொரு திட்டிலும் உட்பக்கம் சாய்ந்த வடிகால் விட்டு, நீரைப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டு போய்க் கருங்கல் பாவிய ஓடை வழியே இறக்க வேண்டும். இங்கே சிமெண்ட் வடிகால் கட்டுவது பலருக்கும் பிடித்தமான தவறு. அடியில் குப்பை மக்கி அமர்ந்துகொண்டே இருக்கும். சிமெண்டால் அதோடு சேர்ந்து வளைய முடியாது, வெடிக்கும். வெடிப்பில் புகும் நீர் முழுவதும் கசிவுநீராக மாறும். கல் பாவிய வடிகாலோ அமர்ந்த இடத்தில் தானும் அமரும், பள்ளமான இடத்தைத் தூக்கிச் சரிசெய்யவும் முடியும். குட்டையின் வழிவாயை, உபரிநீர் வழியும் ஏரிக் கலிங்கு போல அகலமாக, தாழ்வாக, கல்லால் அமைக்க வேண்டும் என்பதை எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதே இருக்கவில்லை. அவர்கள் ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள்.

மண்ணை உண்மையில் பிடித்து நிறுத்துவது புல். தென்னை நார் வலையை விரித்து முளையடித்து, ஆடியில் புல் நட்டால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்திலேயே கிடைக்கும் அந்த வலை, புல் ஊன்றிய பிறகு தானே மக்கிப்போகும். வெட்டிவேர் நடலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். மழைக்கு முன் இடும் இடைக்கால மூடியில் தாராளமாக நடலாம். கிடங்கு நிரம்பியபின் போடும் இறுதி மூடியில் நான் தயங்குவேன். அங்கே களிமண் அடுக்கின் கனம் 60 செ.மீ.தான், வெட்டிவேரின் வேரோ மீட்டர் கணக்கில் இறங்கும்.

இதில் சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, செய்த வேலையை அளந்து பணத்துக்காகப் பதியும் அளவைப் புத்தகத்தில் இருக்கிறது. ஒப்பந்ததாரருக்குக் கன மீட்டருக்குப் பணம். கொட்டிய மண்ணுக்கு அளவு உண்டு; அடித்துச் செல்லப்பட்ட மண்ணுக்குப் பதிலாக மீண்டும் கொட்டினால் மீண்டும் அளவு உண்டு. சரிவைத் தட்டிச் சீர்செய்ததற்கும், புல்லுக்குத் தண்ணீர் விட்டதற்கும், மழை நின்ற காலையில் கீறல்களை மண் மூட்டை வைத்து அடைத்ததற்கும் அதில் தனிக் கணக்கு கிடையாது. பராமரிப்புக்கு மாதத் தொகையும், பருவமழை முடிந்தபின் குட்டையில் சேர்ந்த வண்டலை அளந்து அதற்கேற்பப் பிடித்தமும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பினேன். மாதத் தொகையை ஏற்றுக்கொண்டார்கள். பிடித்தத்தை ஏற்கவில்லை, வானிலைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பாக மாட்டார் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த மாதத் தொகையில் மழைக்காலம் முழுவதும் சரிவின்மேல் மண்வெட்டியோடு நிற்க நான்கு பேரை அமர்த்த முடிந்தது. அதற்கு அடுத்து வந்த பருவத்தில் குட்டையைத் தூர்வாரும் வேலை கண்கூடாகக் குறைந்தது.