ஜாப் ஒர்க் ஜி.எஸ்.டி. குறைப்பு: மனு எந்த மேசைக்குப் போகவேண்டும்

அடுத்தவர் கொடுக்கும் பொருளில் கூலிக்கு வேலை செய்து கொடுப்பதுதான் ஜாப் ஒர்க். 2019 அக்டோபர் 1 முதல் 12 சதவீதமாக இருந்த இன்ஜினியரிங் ஜாப் ஒர்க் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி 18 ஆகிவிட்டது. 12 சதவீத அடுக்கே இப்போது இல்லை. ஆகவே 'பழையபடி 12 ஆக்குங்கள்' என்ற மனுவுக்குப் பலன் இருக்காது. 5 கேட்பதுதான் வழி.

பலரும் முதலில் எம்.பி.யைப் பார்க்கிறார்கள். பார்க்கலாம், பேசுவார். ஆனால் விகிதத்தை முடிவு செய்யும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஓட்டு மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநில நிதியமைச்சர் அங்கே உறுப்பினர். கவுன்சிலுக்கு முன்பே மத்திய, மாநில வரி அதிகாரிகள் அடங்கிய பிட்மென்ட் கமிட்டி விகிதத்தை அலசிவிடும். அதனால் எழிலகத்தில் வணிகவரி ஆணையர் அலுவலகம், மாநில நிதியமைச்சர் அலுவலகம், மத்திய வருவாய்த் துறை மூன்றுக்கும் ஒரே மனுவைக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவின் முதல் பத்தியிலேயே ஜாப் ஒர்க் சேவையின் குறியீடு 9988, சேவைகளின் வரி விகிதங்களைச் சொல்லும் அறிவிக்கை 11/2017 மத்திய வரி (விகிதம்), அதில் வரிசை எண் 26 மூன்றும் இருக்கவேண்டும். இவை இல்லாத மனுவை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது. அதே வரிசையில் ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் இருப்பதையும் அடுத்த வரியில் காட்டுங்கள்.

பிறகு கணக்கு. மாதம் 5 லட்சத்துக்கு பில் போடும் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின்) பட்டறையை எடுத்துக்கொள்வோம். வரி 90,000. செலவில் பெரும்பகுதி கூலியும் கரண்ட் பில்லும். இரண்டிலும் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழிப்பது) கிடையாது. இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) வகையில் 10,000 கிடைத்தால் மீதி 80,000 அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கையிலிருந்து போகும். பணம் 90 நாளில் வருகிறது என்றால் 2,40,000 முடங்கும். 5 சதவீதமானால் வரி 25,000, கிரெடிட் போக 15,000, ஆக முடங்குவது 45,000. வாங்கும் கம்பெனி அந்த 90,000-ஐ கிரெடிட்டாக எடுத்துக்கொள்வதால் அரசுக்கு நிகர இழப்பு இல்லை. அதிகாரி கவனிப்பது இந்த வாக்கியத்தைத்தான். 'சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தரச் சட்டம் இருக்கிறதே' என்று கேட்பார்கள். ஜனவரி 31 பில்லுக்கு 45 நாள் என்றால் மார்ச் 17. வரியோ பிப்ரவரி 20-க்கே கட்டியாகிவிடும்.

எதிர்வாதத்தையும் நாமே எழுதிவிடுவது நல்லது. இன்சர்ட், கூலன்ட் கிரெடிட்டைச் சேர்க்காமல் பார்த்தால், 30 லட்சம் மெஷினுக்குக் கட்டிய 5,40,000 கிரெடிட்டை 18 சதவீதத்தில் 6 மாதத்தில் கழிக்கலாம். 5 சதவீதத்தில் 21 மாதத்துக்கு மேல் ஆகும். வாங்கும் பொருளின் வரி நம் பில்லின் வரியைவிட அதிகமாக இருந்தால் தேங்கும் கிரெடிட்டைத் திருப்பித் தருவது தலைகீழ் வரி ரீஃபண்ட்; மெஷினுக்குக் கட்டிய வரி அதில் வராது. புது மெஷின் போட்டவர்களுக்கு இது வலிக்கும். உறுப்பினர்களிடம் முன்பே பேசி முடிவெடுங்கள். ஒரு சங்கம் 5 கேட்டு, இன்னொன்று வேறு கேட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும்.

திருத்த அறிவிக்கையில் இருக்கவேண்டிய வாசகத்தையும் நீங்களே எழுதிக்கொடுங்கள். யாருக்கு, எந்த வேலைக்கு என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். 2019-இல் பஸ் பாடி கட்டும் வேலை 18-லேயே நின்றது. பதிவு பெறாதவருக்குச் செய்யும் வேலைக்கும் 18 சதவீதம்தான் என்று நவம்பர் 22 சுற்றறிக்கை சொன்னது. அதற்குள் 12 போட்டு பில் அடித்தவர்கள் வித்தியாசத்தைக் கைக்காசில் கட்டவேண்டிய நிலை.