வேலூரில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டோடு

வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பலர் இன்னமும் பணத்தை ரொக்கமாகத்தான் கொண்டுவருகிறார்கள். ஹவுரா பக்கத்திலிருந்து வரும் ரயில் காட்பாடி ஜங்ஷனில் நின்றதும் பிளாட்பாரத்தைப் பாருங்கள். ஒருவர் கையில் ஸ்கேன் கவர், இன்னொருவர் தலையில் அரிசி மூட்டை, சின்னப் பையன் கையில் ஸ்டவ். பணம் மட்டும் கண்ணில் படாது. அது வயிற்றோடு சேர்த்துக் கட்டிய துணிப்பையில் இருக்கும்.

2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அடுத்த வாரமே நானும் அத்தையும் வேலூரில் இருந்தோம். ஸ்ரீபுரம் பொற்கோவிலைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் வெகுநாள் ஆசை. எனக்குக் கோட்டை. அத்தையிடம் எட்டு இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள் இருந்தன. பீரோவில் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தவை. "போற வழியில செலவு பண்ணிடலாம்டா" என்று எடுத்துவந்துவிட்டார்.

ஒரு நோட்டுகூடச் செலவாகவில்லை. நாங்கள் இறங்கிய லாட்ஜில் கல்லாவுக்கு மேலேயே "2000 வாங்கப்படாது" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மருந்துக்கடையில் ஆயிரத்து ஐந்நூறுக்காவது வாங்கினால் பார்க்கலாம் என்றார்கள். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒருவர், நோட்டுக்கு 1900 தருகிறேன் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த நோட்டு அப்போது செல்லாத நோட்டு இல்லை. செப்டம்பர் 30 வரை மாற்றிக்கொள்ளலாம், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் அது சட்டப்படி செல்லும் என்றுதான் ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ஆனால் ஊர்க்காரருக்கு நாளைக்கு வங்கிக்குப் போக நேரம் இருக்கிறது, வெளியூர்க்காரருக்கு இன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டும். இந்த இடைவெளியில்தான் நூறு ரூபாய் கழிகிறது. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

பணத்தை மாற்றும்போது இப்படிக் கழித்துக்கொள்வதைப் பழைய காலத்தில் வட்டம் என்பார்கள். இந்தப் பக்கத்துக்கே அதில் ஒரு சரித்திரம் உண்டு. ஆற்காடு ரூபாய் என்று ஒரு வெள்ளி நாணயம் இருந்தது. நவாபின் ஊர்ப் பெயரில் ஓடிய அந்த நாணயத்தைச் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அச்சடித்தார்கள். வங்காளம் வரைக்கும் அது புழங்கியது. ஊர் மாறினால், நாணயம் பழசானால், நாணயம் மாற்றித் தரும் சராப்புக்காரர் எடை பார்த்து, முத்திரை பார்த்து, வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். 1835இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுதுக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை மெல்ல ஒழிந்தது. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் மக்கன் பேடா என்ற இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம், பூரணத்தில் முந்திரியும் பாதாமும் கடிபட்டது, அருமை. அந்தக் கடைக்காரர் எங்கள் இரண்டாயிரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மன்னித்துக்கொள்ளச் சொன்னார், மரியாதையாக.

மே 27 நான்காவது சனிக்கிழமை, வங்கி கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். அப்போது எந்த வங்கியிலும் மாற்றலாம், கணக்கு இருக்க வேண்டியதில்லை, ஒரு தடவைக்கு 20,000 வரை, கட்டணம் இல்லை. இது வெளியூரில் இருப்பவருக்கு மிகப் பெரிய உதவி, ஆனால் வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு இது தெரியாது. தங்கள் ஊர்க் கிளைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். எஸ்.பி.ஐ. தன் கிளைகளுக்குப் படிவமும் வேண்டாம், அடையாளச் சான்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. நாங்கள் போன வேறொரு வங்கியில் இரண்டும் கேட்டார்கள். படிவம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. வரிசையில் பலருக்கு வங்காளம்தான் தெரியும்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் மேற்கு வங்கத்து மேதினிபூர்க்காரர். மனைவி ஆஸ்பத்திரியில். நிலம் விற்ற பணம், பெரிய நோட்டாக இருந்தால் மறைத்துக் கொண்டுவரச் சுலபம் என்று இரண்டாயிரமாகவே வாங்கி வைத்திருந்தாராம். படிவத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மெஸ் அக்கா வந்தார்.

சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளத்திலும் இருக்கும். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடத்துக்கு இன்று வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆள் வருகிறது. அவர்களுக்கு மீன் குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் சமைத்துப் போடுகிற மெஸ்கள் அங்கே நிறைய. இந்த அக்கா அப்படி ஒரு மெஸ் நடத்துகிறவர், தமிழச்சி, வங்காளம் சரளமாகப் பேசுகிறார். தன் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவே மகனையும் கூட்டிக்கொண்டு வங்கி வாசலுக்கு வந்திருந்தார். மேதினிபூர்க்காரருடையதை நிரப்பினார், பிறகு அத்தையுடையதையும்.

வாசலில் சாமியானா போட்டுத் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு நிழலும் குடிநீரும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. வேலூரின் கத்திரி வெயிலில் அந்த ஒரு வரிக்காக நன்றி சொல்லலாம். நிழலில் நின்றபடி அக்கா 2016ஐப் பற்றிப் பேசினார்.

"அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு டிவியில சொன்னாங்க, பன்னெண்டு மணியோட ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதுன்னு. மெஸ்ல நாப்பது பேர் சாப்டுனு இருந்தாங்க. ஒருத்தர் கையிலயும் நூறு ரூபா இல்ல. இன்னா பண்றது? எல்லார் பேரையும் கணக்கு நோட்டுல எழுதினேன்."

அப்போது நாலு மணி நேரம்தான் அவகாசம். பெட்ரோல் பங்க், ரயில்வே கவுண்டர், அரசு மருத்துவமனை என்று சில இடங்களில் மட்டும் பழைய நோட்டு கொஞ்ச நாள் ஓடியது. தனியார் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லை. வங்கியில் ஒருவருக்கு 4000 ரூபாய் வரைதான் மாற்றினார்கள். பிறகு 4500, பிறகு 2000, நவம்பர் 24க்குப் பிறகு மாற்றுவதே நின்றுபோனது, கணக்கில் போட மட்டும்தான் முடியும். ஆபரேஷனுக்குக் கொண்டுவந்த இரண்டு லட்சத்தை, இந்த ஊரில் கணக்கே இல்லாத ஒருவர் என்ன செய்வார்? "ஊருக்குத் திரும்பிப் போனவங்களும் உண்டு, ஆபரேஷன் பண்ணாம" என்றார் அக்கா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நோட்டில் எழுதிய கடன் வந்ததா என்று அத்தை கேட்டார். முக்கால்வாசி வந்துவிட்டது, சிலர் ஊருக்குப் போய் மணியார்டர் அனுப்பினார்கள் என்றார். வராதவற்றை அவர் கணக்கிடவே இல்லை.

2000 ரூபாய் நோட்டு பிறந்ததும் அந்த நவம்பரில்தான். சில்லறை கிடைக்காத நோட்டு என்றே அது ஊருக்கு அறிமுகமானது. ஒரு நோட்டை ஒழிப்பதா வேண்டாமா என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் பேசட்டும். நாலு மணி நேரத்துக்கும் நாலு மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்தச் சாமியானாவின் கீழே பார்த்தேன். 2023இல் மேதினிபூர்க்காரர் முகத்தில் எரிச்சலும் களைப்பும் இருந்தன, பயம் இல்லை.

அவரிடம் பத்து நோட்டுக்கு மேல் இருந்தது. பத்தை அன்று மாற்றிக்கொண்டார், மீதிக்கு அக்காவின் மகன் திங்கட்கிழமை மறுபடி கூட வருவதாகச் சொன்னான். அத்தைக்கு முப்பத்திரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. மதியம் அக்காவின் மெஸ்ஸிலேயே சாப்பிட்டோம். அத்தை சைவம், அவருக்காகத் தனியாகக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வந்தது. சாயங்காலம் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்துத் தூண்கள், அப்புறம் ஸ்ரீபுரம். மண்டபத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிறகு கெடுவை அக்டோபர் 7 வரை நீட்டினார்கள். அதற்கப்புறம் வங்கிக் கிளைகளில் வாங்குவதில்லை. உங்கள் வீட்டு பீரோவில் இன்னும் ஒன்றிரண்டு அகப்பட்டால் 1900க்குக் கொடுத்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில் மாற்றவோ கணக்கில் போடவோ வழி வைத்திருக்கிறார்கள், நமக்கு அது சென்னையில். நேரில் போக முடியாதவர்கள் தபால் நிலையம் வழியாக அங்கே அனுப்பித் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.