ஒரு லிட்டர் ஜாடியும் முப்பது நிமிடமும்

வட சென்னையின் கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சொன்னாலே 2019-இல் தொடங்கிய ஆர்.ஓ. ஆலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன்; தண்ணீர் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆனால் அந்த ஆலையின் வடிகட்டும் சவ்வுகள் அடைபடாமல் இருக்க, அதற்கு முந்தைய கட்டத்தில் கசடு, அதாவது அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டம், ஒழுங்காகக் கீழே படிய வேண்டும். படிகிறதா என்று பார்க்க ஒரு ஜாடி போதும்.

கழிவுநீரும் கசடும் கலந்து காற்று ஊதப்படும் இடம் காற்றூட்டும் தொட்டி. அதன் வெளிவாய்ப் பக்கம் அந்தக் கலவையில் ஒரு லிட்டர் எடுங்கள். எடுத்த உடனே, வெயிலும் அதிர்வும் இல்லாத இடத்தில் வையுங்கள். வாய் அகன்ற ஜாடி நல்லது; ஒல்லியான அளவுக்குழாயில் கசடு சுவரைப் பிடித்துக்கொண்டு தாமதமாக இறங்கும். முதல் 5 நிமிடம் கண்ணை எடுக்காதீர்கள், பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும். 30-ஆவது நிமிடம் கசடின் உயரத்தைக் குறியுங்கள்.

250 மி.லி. என்று வைப்போம். எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது கலவையில் மிதக்கும் திடப்பொருளின் அளவு, லிட்டருக்கு 2,500 மி.கி. என்றால், 250-ஐ 1,000-ஆல் பெருக்கி 2,500-ஆல் வகுக்க 100 வரும். இதுதான் எஸ்.வி.ஐ. என்னும் கசடு படியும் குறியீடு. 80 முதல் 150 வரை நிம்மதி. அதற்குக் கீழே போனால் கசடு கிழடாகிவிட்டது. வேகமாக இறங்கும், மேலே தூசி மிதக்கும்.

ஜாடியில் கசடு இறங்கவே இல்லையா? உடனே கசடை அள்ளி வெளியேற்றாதீர்கள். பாதி கலவை, பாதி சுத்திகரித்த நீர் கலந்து மறுபடி வையுங்கள். இப்போது நன்றாக இறங்கினால் கசடு அளவுக்கு மிஞ்சிவிட்டது. இப்போதும் இறங்காவிட்டால் நூல் போல நீளும் இழை பாக்டீரியா பெருகியிருக்கிறது. வட சென்னையில் இதற்குக் காரணம் உண்டு: தரை தட்டை, கழிவுநீர் தானாக ஓடாது. பம்பிங் ஸ்டேஷன் கிணறுகளில் தேங்கித் தேங்கி வருவதற்குள் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்தக் கந்தகம் சில இழைகளுக்கு விருந்து. காற்றூட்டும் தொட்டியில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மி.கி. இருக்கிறதா, காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியேற்றும் கசடின் அளவை ஒரு நாளில் 10-15 சதவீதத்துக்கு மேல் மாற்றக் கூடாது. அவசரப்பட்டு மாற்றினால் பாக்டீரியாக் கூட்டமே சிதைந்து, சரியாகப் பல நாள் ஆகும்.

30 நிமிடம் முடிந்ததும் ஜாடியைக் கொட்டிவிடுவது பெரிய தவறு. இரண்டு மணி நேரம் விடுங்கள். நன்றாகப் படிந்த கசடு அதற்குள் கட்டியாக மேலே எழுந்தால், அடியில் நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாக மாறுகிறது. லேசாகக் கலக்கினால் குமிழி போய் மறுபடி இறங்கும். கசடு படியும் தொட்டியான கிளாரிஃபையரில் கசடு அதிக நேரம் கிடக்கிறது என்று பொருள். அங்கிருந்து காற்றூட்டும் தொட்டிக்குத் திரும்பும் கசடின் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜாடி நன்றாகவே இருக்கும், ஆனால் கிளாரிஃபையர் விளிம்பில் கசடு வழியும். மொட்டைமாடி மழைக்குழாயைச் சாக்கடை மேன்ஹோலில் இணைத்த வீடுகளின் தண்ணீர்தான் அதை அடித்துக்கொண்டு போகிறது. அந்தக் குழாய் போக வேண்டிய இடம் மழைநீர் சேகரிப்புத் தொட்டி. நிரம்பி வழிந்தால் மழைநீர் வடிகால்.