20 கிலோமீட்டர் ஓடும் ஆசாமி

கேரளத்தில் ஆயுள் அதிகம், பீகாரில் குறைவு. ஆனால் வீடு வீடாகப் போய் "நோய் நொடி ஏதாவது உண்டா?" என்று கேட்டால், உண்டு என்று அதிகம் சொல்பவர்கள் மலையாளிகள்தான். அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் இதை எடுத்துக்காட்டினார். படிப்பும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இருக்கிற இடத்தில் மூட்டுவலி ஒரு நோய். இல்லாத இடத்தில் அது வயசானால் வருவது, அவ்வளவுதான்.

கேள்வித்தாள் எழுதிப் பிழைப்பவள் நான். பல நாட்டுக் கணக்கெடுப்பு என்றதும் எல்லோரும் மொழிபெயர்ப்பைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அதற்காவது வழிமுறை இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, உட்கார்ந்து சண்டை போட்டு, களத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறுவதுதான் பெரிய தலைவலி.

அமெரிக்க அரசியல் அறிஞர் கேரி கிங்கும் அவர் குழுவும் 2004இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். அரசாங்கத்திடம் உங்கள் பேச்சு எவ்வளவு எடுபடும் என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். 71 வருடம் ஆண்ட கட்சியை 2000இல் ஓட்டுப் போட்டு இறக்கிய மெக்சிகோக்காரர்களைவிட, சீனர்கள் தங்கள் பேச்சு அதிகம் எடுபடும் என்றார்கள்! கூடவே சில கற்பனை ஆட்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஒருவருக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, ஓட்டுரிமை இல்லை, கேட்க நாதியில்லை, வாயை மூடிக்கொண்டு சகிக்கிறார். இவர் பேச்சு எவ்வளவு எடுபடும்? சீனர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தங்களை இவருக்கும் கீழே வைத்திருந்தார்கள். இப்படி ஒப்பிட்டதும் முடிவு தலைகீழானது.

இந்தக் குட்டிக் கதைகளை விக்னெட் என்போம். காகிதத்தில் அழகாக இருக்கும், களத்துக்குப் போனால்தான் கூத்து. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கதை ஒன்றில் ஒருவர் வாரம் இரண்டு முறை 20 கிலோமீட்டர் ஓடுவார், கால்பந்தும் ஆடுவார். நடமாட்டத்தில் அவருக்கு எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டும். ஆரணிப் பக்கம் ஒரு பாட்டியிடம் ஒத்திகை பார்த்தபோது, "எதுக்குய்யா ஓடுறான், பஸ் வரலியா?" என்று பேட்டி எடுக்கப் போன எங்கள் பையனைக் கேட்டார். மூட்டுவலிக்காரர் கதை வந்ததும், "பெத்த பிள்ளைங்க பாக்கலியா? எந்த ஊரு?" பாட்டியைப் பொறுத்தவரை பிள்ளைகள் பார்த்துக்கொண்டால் சிரமம் இல்லை, இல்லையென்றால் சிரமம். காலைப் பற்றிக் கேட்டோம், குடும்பத்தைப் பற்றிப் பதில் வந்தது.

கதையில் வருபவருக்குப் பெயர் வைப்பது இன்னொரு தொல்லை. நம் ஊரில் பெயர் வைத்தாலே மதம் தெரிந்துவிடும், பாதி நேரம் சாதியும் தெரியும். ராஜா, லட்சுமி என்று பட்டும் படாமலும் வைப்பேன். பதில் சொல்பவர் பெண் என்றால் கதையிலும் பெண்.

முடிந்த இடத்தில் அளந்துவிடுவது உத்தமம். இந்தியாவில் 45 வயதைத் தாண்டியவர்களுக்காக 2017-18இல் நடந்த லாசி என்ற முதுமை பற்றிய கணக்கெடுப்பில் கேட்டதோடு விடாமல், கைப்பிடி வலுவையும் நடை வேகத்தையும் சோதித்தார்கள். ஆனால் நிம்மதியையும் அரசியல் நம்பிக்கையையும் எந்தக் கருவியால் அளப்பது? அங்கே ராஜாவும் லட்சுமியும்தான் கதி.

கதைகளை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் "உங்களுக்கு எப்படி?" என்று கேட்டால் பதில் ஒப்பிடத் தோதாக அமைகிறது என்று கிங்கும் டேனியல் ஹாப்கின்ஸும் பின்னாளில் காட்டினார்கள். நானும் அப்படித்தான் அடுக்குகிறேன். பேட்டி நீள்கிறது என்று பணம் கொடுப்பவர்கள் முணுமுணுப்பார்கள். சரி, குறைத்துவிடலாம் என்று அவர்களுக்குப் பிடித்த "எவ்வளவு திருப்தி?" கேள்விகளில் நாலைந்தை வெட்டிவிடுவேன்.