கரண்ட் இல்லாத நாளில் பாடி முடித்த இ.பி.

ஐந்து பாட்டு, மொத்தம் 19 நிமிடம். எங்கள் ராக் பேண்டின் முதல் இ.பி., அதாவது சில பாட்டுகள் மட்டும் கொண்ட சின்ன ஆல்பம், வெளியே வர ஒன்பது மாதம் பிடித்தது. அதில் பெரும்பகுதி சத்தத்தோடு மல்லுக்கட்டியதிலேயே போனது. சேலத்தில் இதே வேலையில் இறங்கப்போகும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அம்மாபேட்டையில். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிப்பட்டறை, நான்கு விசைத்தறி. நான் கிதார் பழகியதே அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். அதனால் மாடி அறையில் பதிவு செய்வோம் என்று முடிவெடுத்தபோது தறியை நான் ஒரு தடையாகவே நினைக்கவில்லை. தறி நின்ற பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் வாசித்தால் போயிற்று.

முதல் நாள் பதிவைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. தறி ஓடவில்லை, ஆனாலும் கிதாருக்கு அடியில் வண்டு ரீங்கரிப்பது போல விடாத இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சரியான எர்த் இல்லாத வீட்டில் அதுவும் அதன் மடங்குகளும் கிதாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைச் சுருள்) வழியாக உள்ளே நுழைந்துவிடும். மென்பொருளில் வடிகட்டிப் பார்த்தேன். இரைச்சலோடு சேர்ந்து கிதாரின் உயிரும் போனது.

கடைசியில் வழி காட்டியவர் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். எர்த் குழியைத் தோண்டிப் பார்த்து, "காஞ்சு கெடக்குதுப்பா, எப்படி வேலை செய்யும்?" என்றார். உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. மீதிக்கு நானே ஒரு வழி கண்டேன். கிதாரோடு மெதுவாகச் சுற்றினால் ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று குறையும். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்துகொண்டேன். ஐந்து பாட்டுக்கும் அந்தப் பாதத்தில் நின்றுதான் வாசித்தேன்.

டிரம்ஸை வீட்டில் அடிக்க முடியாது. அக்கம்பக்கம் குழந்தைகள் இருக்கும் வீடுகள். டிரம்மரின் பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். அறுவடைக் காபியெல்லாம் போய், ஜூனில் குடோன் காலியாக இருக்கும் என்றார். குட்டி யானை வண்டியில் டிரம்ஸைக் கட்டி ஏற்றினோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரை டிரம்மர் பின்னாலேயே உட்கார்ந்து பெரிய டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான்.

கல்சுவர், உயரமான ஓட்டுக்கூரை. நடுவில் நின்று கைதட்டினால் அந்தத் தட்டு சுவரெல்லாம் சுற்றி வந்து அடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அறைக்குச் சென்னையில் மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். எதிரொலி கொஞ்சம் மிஞ்சியதால் காலிச் சாக்குகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். எங்களிடம் இருந்தது நான்கே மைக். ஒன்று பெரிய டிரம்முக்கு, ஒன்று ஸ்னேர் என்கிற சின்ன டிரம்முக்கு, இரண்டு தலைக்கு மேலே. மேலே இருக்கும் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்னேர் சத்தம் ஒரு மைக்குக்கு முந்தியும் ஒன்றுக்குப் பிந்தியும் போய்ச் சேர்ந்து மெலிந்துவிடும். அளக்க டேப் கொண்டுபோகவில்லை. என் பையில் கிடந்த தறி நூலைப் பிடித்து அளந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் ஓட்டில் சத்தம் நிற்கும் இடைவெளியில்தான் பதிவு. இரண்டு நாளில் ஐந்து பாட்டும் முடிந்தது. கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதை டிரம்ஸ் பதிவுக்கே செலவிடுங்கள் என்பேன்.

குரல்தான் மிச்சம். எங்கள் பாடகி வேலைக்குப் போகிறவர், இரவில் வர வழியில்லை. பகலில் தறி ஓடும். அப்பாதான் சொன்னார்: "அடுத்த வாரம் மாசாந்திர ஷட் டவுன் வருது. ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இருக்காது. அன்னைக்குப் பாடிக்குங்க." பாடகி லீவு போட்டார். லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்தோம். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் எங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் யுஎஸ்பி வழியாகவே ஓடும், மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டையும் அதுவே கொடுத்துவிடும். கூலிங் ஃபேனின் சத்தம் மைக்கில் விழாமல் லேப்டாப்பை அடுத்த அறையில் வைத்தோம்.

அந்த அமைதியை அம்மாபேட்டையில் பகலில் நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. பாடகி மூச்சு இழுப்பது ஹெட்ஃபோனில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாவதின் கடைசி வரியை அவர் நீட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, மூன்றே முக்காலுக்கு, கரண்ட் முன்னதாகவே வந்துவிட்டது. கீழே யாரோ ஒரு தறியைப் போட்டுவிட்டார்கள். தறி ஓடும்போது திரும்பப் பாட வழியில்லை. பதிவைக் கேட்டுப் பார்த்தோம், வைத்துக்கொள்ளத் தோன்றியது, வைத்துக்கொண்டோம்.

தனித்தனிப் பதிவுகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கை நானே செய்தேன், வெளியீட்டுக்கு முன் கடைசியாக மெருகேற்றும் மாஸ்டரிங்குக்கு மட்டும் வெளியே கொடுத்தேன். அது தேவை; இரண்டு மாதம் ஒரே பாட்டைக் கேட்ட காது அதில் எதையும் கண்டுபிடிக்காது. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு ஏறியிருக்க வேண்டும். முக்கியமாக, பேண்ட் பெயரை ஆங்கில எழுத்தில் முதலிலேயே தேடிப் பாருங்கள். எங்கள் பெயரில் வெளிநாட்டில் ஒரு பேண்ட் இருந்தது, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் வினியோக நிறுவனம் எங்கள் பாட்டை அவர்கள் பக்கத்தில் ஏற்றிவிட்டது. பதினோரு நாள் மெயில் மேல் மெயில் அனுப்பித்தான் மீட்டோம். அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெளியான அன்று இரவு அப்பாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ராக் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஐந்து பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். கடைசிப் பாட்டு முடியும்போது கண்ணைத் திறந்தார்.

"மூணாவது தறிதானே? அதுல பிக்கர் தேஞ்சு போயிருந்துச்சு அப்போ. மாத்தியாச்சு."